121 மரத்துண்டுகள், ஒரு வட்டம்: வின்செஸ்டர் சுவரில் தொங்கும் மேஜை

‘வட்டமேஜை மாநாடு’ என்ற சொல்லைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படிக்காதவர்கள் குறைவு. 1930 முதல் 1932 வரை லண்டனில் மூன்று முறை கூடிய மாநாடு அது. 1931-ல் நடந்த இரண்டாவது மாநாட்டுக்குக் காந்தியடிகள் போய் வந்தார். ஆண்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்த பிள்ளைகளில் எத்தனை பேர், ‘அதென்ன வட்டமேஜை? சதுர மேஜை என்றால் ஆகாதா?’ என்று கேட்டிருப்பார்கள்?

கேட்டிருந்தால், பதிலைத் தேடி லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏற வேண்டியிருக்கும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். இறங்க வேண்டிய ஊர், ஹாம்ப்ஷைர் மாவட்டத்தின் தலைநகரான வின்செஸ்டர்.

சுவரில் ஏறிய மேஜை

ஒரு காலத்தில் வெசெக்ஸ் அரசின் தலைநகராக இருந்த ஊர் இது. கடைவீதியின் கீழ்க்கோடியில், வாளை உயர்த்திப் பிடித்தபடி ஆல்ஃபிரட் மன்னரின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1901-ல் வைத்தது. அங்கிருந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே மேடேறினால், மேல்கோடியில் பழைய நகர வாசலான வெஸ்ட்கேட். அதற்குப் பக்கத்திலேயே ‘கிரேட் ஹால்’ எனப்படும் பெரிய மண்டபம்.

கோட்டை இருந்த இடம் அது. கோட்டை இப்போது இல்லை. 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். மண்டபம் மட்டும் தப்பியது. மூன்றாம் ஹென்றி காலத்தில், 1222-க்கும் 1235-க்கும் இடையே கட்டியது. நீளம் 110 அடி. அகலமும் உயரமும் 55 அடி. இரண்டு கனசதுரப் பெட்டிகளை ஒட்டி வைத்தது போன்ற கணக்கு. உள்ளே பர்பெக் கல் தூண்கள் இரு வரிசையாக நிற்கின்றன. சர் வால்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கை 1603-ல் விசாரித்ததும் இதே கூரையின் கீழ்தான்.

நுழைகிறவர்களின் கண் இவற்றில் எதிலும் முதலில் நிற்பதில்லை. மேற்குச் சுவரில், தலைக்கு மேலே, பிரம்மாண்டமான ஒரு வட்டம் தொங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறி ஓடும் பட்டைகள். நடுவில் ரோஜா. மேலே கிரீடத்தோடு அமர்ந்திருக்கும் ஒரு ராஜா. விளிம்பைச் சுற்றிப் பெயர்கள். சின்னப் பிள்ளைகள் முதலில் அதைக் கடிகாரம் என்றோ, அம்பெறியும் பலகை என்றோ நினைத்துவிடலாம். அது மேஜை. கால்களைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டிய சாப்பாட்டு மேஜை!

குறுக்களவு 5.5 மீட்டர். எடை 1.2 டன். நம் ஊர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்குள் இதை விரித்தால், சுவரை இடித்துத்தான் ஆட்கள் நடக்க முடியும்.

தச்சர் தீர்த்த சண்டை

இதை ஆர்தர் மன்னரின் வட்டமேஜை என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். ஆர்தர், பிரிட்டன் மக்களின் கதைகளில் வாழும் ராஜா. அவருடைய வட்டமேஜையை முதன்முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர் நார்மன் கவிஞர் வேஸ். ஆண்டு 1155. ‘நான் மேல், நீ கீழ்’ என்று வீரர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க, தலைமாடே இல்லாத மேஜையை ஆர்தர் செய்யச் சொன்னார் என்பது கதை.

அதற்குச் சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, லாயமன் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதையே இன்னும் விரிவாகச் சொன்னார். அவர் கதையில் ஒரு விருந்து நடக்கிறது. யார் எங்கே உட்காருவது என்பதில் வாய்ச்சண்டை தொடங்கி, ரொட்டி பறந்து, கோப்பை பறந்து, கடைசியில் கத்தியும் பாய்கிறது. பிணம் விழுகிறது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிறகு ஆர்தர் கார்ன்வாலுக்குப் போகிறார். அங்கே கடல் கடந்து வந்த ஒரு கைவினைஞர் அவரைச் சந்திக்கிறார். “உங்கள் அரண்மனைச் சண்டையைக் கேள்விப்பட்டேன். 1,600 பேருக்கு மேல் உட்காரும்படி ஒரு மேஜை செய்து தருகிறேன். போகிற இடமெல்லாம் கூடவே எடுத்துப் போகலாம். இனி எந்தச் சண்டையும் வராது” என்கிற பொருளில் சொல்கிறார். மரம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 4 வாரத்தில் மேஜை தயார்.

மந்திரிகளாலும் படைத்தலைவர்களாலும் தீராத சண்டையைத் தீர்த்தவர் ஒரு மரவேலைக்காரர். ஆனால் அவர் பெயரைக் கதை சொல்லவில்லை.

மரம் சொன்ன வயது

வின்செஸ்டர் மேஜை எத்தனை பழையது? 1976-ல் சுவரிலிருந்து இறக்கி, ஆய்வாளர்கள் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணினார்கள். ரேடியோ கார்பன் முறையில் சோதித்தார்கள். மூட்டுகளைச் செய்த விதத்தையும் பார்த்தார்கள். எல்லாம் ஒரே காலத்தைக் காட்டின: 13-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் 700 ஆண்டுகள் பிந்தையது!

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எட்வர்ட். ஆர்தர் கதைகளில் அவருக்குத் தீராத மோகம். 1290-ல் வின்செஸ்டரில் அவர் நடத்திய வீர விளையாட்டு விழாவுக்காக இந்த மேஜையைச் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1460-களிலேயே இது சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. அதாவது, மேஜையாக நின்ற காலத்தைவிடச் சுவரில் தொங்கிய காலம்தான் அதிகம்.

வண்ணம் பூசியது எட்டாம் ஹென்றி. 1522-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸை இங்கே அழைத்து வந்து, இந்த மேஜையைப் பெருமையோடு காட்டினார். ஆர்தர் என்று மேலே வரைந்திருக்கும் உருவத்தில் ஹென்றியின் சாயல் இருப்பது தற்செயல் அல்ல. நடுவில் இருக்கும் ரோஜா அவருடைய டியூடர் வம்சச் சின்னம். 1789-ல் ஓவியத்தைப் புதுப்பித்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். தலைமாடு இருக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்தது வட்டமேஜை. அதிலும் ஒரு ராஜா தன்னை உச்சியில் வரைந்துகொண்டார்!

பின்பக்கம்தான் பெரிய கதை

ஓவியம் முன்பக்கத்தில். தச்சர்களின் வேலை பின்பக்கத்தில். பார்வையாளர்கள் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. அது சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

மேஜையில் மொத்தம் 121 துண்டுகள். எல்லாம் இங்கிலாந்து ஓக் மரம். விளிம்பைச் சுற்றி 12 கால்கள் நின்ற துளைகளும், நடுவில் பெரிய தாங்குகால் இருந்த அடையாளமும் பின்பக்கம் இருக்கின்றன. அதன் சட்டம் வண்டிச் சக்கரத்தை நினைவூட்டுவது. மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் நுனியில் வளைந்த வட்டைகள். வட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் வட்டம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வண்டிச் சக்கரத்தில் வட்டைகளைச் சேர்த்த பிறகு, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, எல்லா மூட்டையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறு இடைவெளி இருந்தாலும் மறைந்துபோகும். மேஜைக்கு அப்படிப்பட்ட பட்டை கிடையாது. மரத்தை மரமேதான் பிடிக்க வேண்டும். மூட்டு பொருந்தவில்லை என்றால் காப்பாற்ற ஆள் இல்லை.

வளைவு ஏன் தச்சரைச் சோதிக்கிறது?

நேரான பலகைகளைச் சேர்ப்பதும் வளைந்தவற்றைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டு பார்த்தால்தான் வின்செஸ்டர் மேஜையின் அருமை தெரியும்.

முதல் சிக்கல், மரத்தின் நார். நார் நீளவாக்கில் ஓடுகிறது. பலகையிலிருந்து ஒரு வளைவை அறுத்தால், வளைவின் நுனிகளில் நார் குறுக்கே அறுபடும். நீளமான வளைவாக இருந்தால், அந்த இடத்தில் மரம் பொடுக்கென்று உடைந்துவிடும். அதனால்தான் வட்டத்தைச் சின்னச் சின்ன வட்டைகளாகப் பிரிக்கிறார்கள். துண்டு குட்டையாக இருந்தால் நார் அதிகம் அறுபடாது, பலம் நிற்கும். ஆனால், துண்டுகள் கூடக்கூட மூட்டுகளும் கூடும்.

இரண்டாவது சிக்கல், பிழை சேர்ந்துகொண்டே போவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதே அளவு வட்டத்தை 12 வட்டைகளாகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 30 பாகை. ஒவ்வொரு முனையையும் 15 பாகைச் சரிவில் அறுக்க வேண்டும். மொத்தம் 24 முனைகள். ஒவ்வொரு முனையிலும் வெறும் அரைப் பாகை குறைந்துவிட்டால்? 30 சென்டிமீட்டர் அகலப் பலகையில் அரைப் பாகை என்பது இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம்தான். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் 24 முனைகளும் சேர்ந்தால் 12 பாகை. 5.5 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு சுமார் 17.3 மீட்டர். அதில் 12 பாகை என்பது கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர்! கடைசித் துண்டை வைக்கும்போது ஒரு ஆள் நுழையும் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

நேரான மேஜையில் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டால் இழைத்துத் தள்ளிவிடலாம். வட்டம் அப்படி விடாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, முதல் துண்டோடு கைகோக்க வேண்டும். நடுவில் ஒரு துண்டு பெரிதாகிவிட்டால், அதற்கான விலையை மற்ற எல்லாத் துண்டுகளும் கொடுக்க வேண்டும்.

கைப்பழக்கம் சொல்லும் வழிகள்

வளைந்த துண்டுகளைப் பொருத்தும் தச்சர்களிடம் சில வழக்கங்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டு ஆனாலும், இன்றைய மின்சார ரம்பம் ஆனாலும், இவை பெரிதாக மாறிவிடவில்லை.

முதலில், படத்தை நிஜ அளவிலேயே தரையில் போட்டுவிடுவது. நடுவில் ஒரு ஆணி. அதிலிருந்து ஒரு கோல். 5.5 மீட்டர் மேஜைக்கு 2.75 மீட்டர் நீளக் கோல் வேண்டும். கோலின் நுனி சுற்றிவந்தால் வட்டம் கிடைத்துவிடும். கயிறு என்றால் இழுபடும், தளரும். கோல் ஏமாற்றாது.

அடுத்தது அச்சு. மெல்லிய பலகையில் ஒரு வட்டைக்கு அச்சு செய்து, எல்லாத் துண்டையும் அந்த ஒரே அச்சை வைத்துத்தான் வரைய வேண்டும். அறுத்து முடித்த துண்டை வைத்து அடுத்த துண்டை வரைந்தால், ஒன்றின் பிழை அடுத்ததற்குப் போகும். 12-வது துண்டு, முதல் துண்டுக்குத் தூரத்து உறவாகிவிடும்.

மூன்றாவது வழக்கம் புதிதாக வேலை பழகுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. வளைவை முதலில் அறுக்கக் கூடாது. மூட்டைத்தான் முதலில் செய்ய வேண்டும். பலகையின் ஓரம் நேராக இருக்கும்வரைதான் மூலைமட்டம் வைக்க முடியும், கோடு கிழிக்க முடியும், பட்டறையில் அசையாமல் இறுக்க முடியும். வளைத்து அறுத்த பிறகு மூலைமட்டத்தை எங்கே சாய்ப்பது? அதனால் நாக்கும் துளையும் நேரான பலகையிலேயே முடிந்துவிட வேண்டும். வளைவு கடைசியில்.

நான்காவது, ஒட்டாமல் சேர்த்துப் பார்ப்பது. எல்லாத் துண்டையும் தரையில் போட்ட படத்தின் மேலேயே அடுக்கிப் பார்ப்பார்கள். இங்கே ஒரு நல்ல உபாயம் உண்டு. முழு வட்டத்தையும் ஒரேயடியாக மூடாமல், இரண்டு அரைவட்டங்களாகச் சேர்ப்பது. இரண்டையும் எதிரெதிரே வைத்தால், சேர்ந்து வந்த பிழையெல்லாம் அந்த இரண்டு மூட்டுகளில் வந்து நிற்கும். அரைவட்டத்தின் இரு முனைகளையும் ஒரே நேர்க்கோட்டில் இழைத்துவிட்டால் போதும். 12 மூட்டுகளில் சிதறிக் கிடந்த குற்றம் இரண்டே இடத்தில் பிடிபட்டுவிடும்.

ஐந்தாவது, அடையாளக் கோடு. ஒரு நாக்கைச் செதுக்கிப் பொருத்தியது எந்தத் துளைக்கோ, அதற்குத்தான் அது சொந்தம். அதனால் மூட்டின் இரு பக்கமும் ஒரே குறியைக் கீறி வைப்பார்கள். ஐரோப்பாவின் பழைய மரக் கட்டடங்களின் உத்தரங்களில் ரோமன் எண்களைப் போன்ற இந்தக் கீறல்களை இன்றும் பார்க்கலாம். ஜோடி மாறினால் பொருந்தாது. அளவு சரியாக இருந்தாலும் பொருந்தாது.

இவ்வளவும் செய்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. மரம் காயும்போது நீளவாக்கில் அனேகமாகச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். பலகைகளை ஒரே திசையில் அடுக்கிச் செய்த வட்டம், ஆண்டுகள் போகப்போக ஒரு பக்கம் குறுகி லேசான முட்டை வடிவத்துக்கு மாறும். விளிம்பை வட்டைகளாகப் பிரித்து வட்டம் முழுக்கத் திருப்பி வைப்பதில் இந்த லாபமும் உண்டு. சுருக்கம் ஒரே பக்கம் சேராது. எல்லாப் பக்கமும் பகிர்ந்துகொள்ளும்.

இருபத்தைந்து பேர், சம இடம்

மேஜையின் விளிம்பில் 24 வீரர்களின் பெயர்கள். ராஜாவையும் சேர்த்தால் 25 இருக்கைகள். 17.3 மீட்டர் சுற்றளவை 25 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் 69 சென்டிமீட்டர். முழங்கை இடிக்காமல் சாப்பிடத் தாராளமான இடம். லான்சலட், கலஹாட் போன்ற புகழ்பெற்ற வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆர்தருக்கே துரோகம் செய்த மோர்ட்ரெட்டின் பெயரும் இருக்கிறது.

சமமாக உட்காருவது என்பதைக் கவிஞர்கள் ஒரு நல்ல எண்ணமாகச் சொன்னார்கள். தச்சருக்கு அது எண்ணம் அல்ல, வேலையின் நிபந்தனை. ஒரு வட்டை மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் வட்டம் மூடாது. ஹென்றி தன் உருவத்தை உச்சியில் வரையலாம். ஆனால் அவர் உருவத்துக்கு அடியில் இருக்கும் மரம், மற்றவர்களுடைய பெயருக்கு அடியில் இருக்கும் மரத்தைப் போலத்தான் அளந்து, அறுத்து, மூட்டுப் போட்டுச் சேர்ந்தது.

மேஜையில் எழுதிய பெயர்களில் பல, வாழ்ந்தார்களா இல்லையா என்றே தெரியாதவர்களுடையவை. நிச்சயமாக வாழ்ந்தவர்கள் அதைச் செய்த தச்சர்கள். லாயமன் கதையின் கைவினைஞரைப் போலவே அவர்களுடைய பெயரும் அதில் இல்லை. 121 துண்டுகளும் 700 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக நிற்பதுதான் அவர்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து.

போகிறவர்களுக்கு

ரயில் நிலையத்திலிருந்து மண்டபம் நடந்து போகும் தூரம்தான். மண்டபத்தின் பின்புறம், எலினார் ராணி பெயரில் இடைக்காலப் பாணித் தோட்டம் ஒன்று இருக்கிறது. களைப்பாற நல்ல இடம். கடைவீதி வழியாக இறங்கினால் வின்செஸ்டர் பேராலயம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1817-ல் இந்த ஊரில்தான் காலமானார். அவருடைய கல்லறை பேராலயத்துக்குள் இருக்கிறது.

இங்கிலாந்து வரை போக முடியாதவர்கள் தங்கள் ஊர் மரச்சாமான் கடைக்குப் போகலாம். வட்டமான சாப்பாட்டு மேஜை வாங்கும்போது மேலே பளபளக்கும் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். விளிம்பை விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பாருங்கள். மூட்டு வரும் இடத்தில் விரல் தட்டக் கூடாது. பிறகு குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். விளிம்புக்கு எத்தனை துண்டு சேர்த்திருக்கிறார்கள், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, மூட்டில் மெழுகோ மரத்தூளோ திணித்து இடைவெளியை மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. வின்செஸ்டர் மேஜையின் வயதைக் கண்டுபிடித்தவர்களும் அதன் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள்தான்.